தடுக்கப்பட்ட வனம்

தலதா மாளிகைக்குப் பின்னே உயரும் உடவத்தகலே வனத்துட் சிறிது தூரம் நடந்தால் கண்டி நகரின் இரைச்சல் தேய்ந்துவிடுகின்றது. 1815இல் அரசு வீழும் வரை இது மன்னர்க்குரிய வனம், குடிகள் நுழையலாகாது. விறகுக்கு அலைந்த ஏழைக்கு அத்தடை கொடுமையே. ஆயினும் அஃதில்லையேல், நகரின் நெஞ்சில் இந்த 104 ஹெக்டேயர் காடு எஞ்சியிருக்குமா? 1856இல் ஒதுக்குக் காடாக்கியோரும், 1938இல் சரணாலயமாக்கியோரும் தடுத்தே காத்தனர்.

தன்னலத்திற் பிறந்த தடையொன்று பின்னர் நன்மை பயந்தால், முன்னைய அநீதி நீதியாகிவிடுமா? ஆகாதென்றே கருதுகின்றேன். மன்னன் காத்தது தன் தனிமையை. மரங்கள் அதன் நிழலிற் பிழைத்துக்கொண்டன. அவனுக்கு நாம் நன்றி கூறலாம். விலை கொடுத்தவர்களோ பெயரற்றவர்கள். பெருங்கொடியொன்றின் அடியில் அமர்ந்து இவ்வாறெல்லாம் சிந்தித்தபோது, வாயிலில் வாங்கிய நுழைவுச்சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது.