பெயர் தெரியாதவரின் ஹக்கு

ஒரு மனிதருக்கு இழைத்த அநியாயத்தை அவரே மன்னிக்க வேண்டும். அதுவரை தௌபா நிறைவுறாது. ஹக்குல் இபாத் பற்றி மத்ரஸாப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் அநியாயத்துக்கு ஆளானவர் யாரென்றே தெரியாவிட்டால்?

தடிமனுக்கு அமொக்சிசிலின் குளிசை வாங்கி இரண்டு நாள் விழுங்குகிறவர் எவரையும் அடிக்கவில்லை, எவர் பொருளையும் எடுக்கவில்லை. தடிமன் வைரசால் வருவது. அக்குளிசைக்கு அதில் வேலையே இல்லை. ஆனால் அவர் உடம்பில் வாழும் பக்டீரியாக்களில் மருந்துக்குச் சாகாதவை எஞ்சிப் பெருகுகின்றன. எதிர்க்கும் மரபணுவை வேறினங்களுக்கும் கைமாற்றுகின்றன. இத்தகையவை போய்ச் சேரும் இடங்களில் ஒன்று அதிதீவிர சிகிச்சைப் பிரிவு. தொண்டையில் சுவாசக் குழாயும் நாளத்தில் ஊசியுமாகக் கிடப்பவரிடம் கிருமிக்கு வாசல்கள் ஏராளம்.

கார்பபெனம் என்னும் வலிய மருந்துகளையும் சிதைக்கும் என்.டி.எம்-1 நொதி சென்னை நோயாளரிடமும் இருப்பதை 2010 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அப்போது கைவசம் மிஞ்சிய சிலவற்றுள் ஒன்று கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று ஒருகாலத்தில் ஒதுக்கிய பழைய மருந்து. அதையும் கோழித் தீனியில் கலந்தார்கள். இந்தியா அதைத் தடைசெய்தது 2019 இல்தான். (கடைசி மருந்து, கோழி கொழுக்க!)

அப்படியானால் நாளைய நோயாளிக்காக வைத்தியர் அதைப் பொத்தி வைக்கலாமா? கூடாதென்பேன். இரத்தத்தில் தொற்றேறியவருக்குக் கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும், காத்திருந்தால் ஜனாஸாதான். முடிவு வந்தபின் வேண்டாததை நிறுத்தட்டும். சிக்கனம் கட்டிலருகே அல்ல, அதற்கு வெகுமுன்பே பாமசியிலும் பண்ணையிலும் தொடங்க வேண்டியது.

கடையைக் கட்டுப்படுத்துவதும் எளிதல்ல. வைத்தியரே இல்லாத கிராமத்தில் சீட்டின்றி எதையும் விற்காதே என்றால் நியூமோனியா கண்ட ஏழைப் பிள்ளை சாகும். டொக்டர் அப்துல் கபூர் ஒருங்கிணைத்த 2012 ஆம் ஆண்டுச் சென்னைப் பிரகடனம் இதை மறைக்காமல் எதிர்கொண்டது: படிப்படியாக, வலிய மருந்துகளிலிருந்து தொடங்கச் சொன்னது. 2014 மார்ச்சில் அங்கே நடைமுறைக்கு வந்த எச்-1 பட்டியல், 46 மருந்துகளை நோயாளியின் பெயரோடு தனிப் பதிவேட்டில் எழுத வைத்தது. குறையுள்ள வழிதான், ஆனாலும் ஏழைமேல் பழி போடாத வழி.

நீரையும் புல்லையும் நெருப்பையும் பொதுவாகக் கண்ட மார்க்கம் நமது. எங்கள் கீரிமலைக் கேணியில் எத்தனை பேர் மூழ்கினாலும் ஊற்று நிரப்பிவிடும். மருந்துக்கு அப்படியோர் ஊற்றில்லை. உரியவர் தெரியாத பொருளை அவர் பேரில் சதகா செய்யலாமென்று ஃபிக்ஹ் சொல்கிறது. தேய்ந்துபோன மருந்தை எதைக் கொடுத்து ஈடுசெய்வது? உலமாக்கள்தான் சொல்ல வேண்டும். இதுவரை ஒரு ஜும்ஆ குத்பாவிலும் இப்பேச்சை நான் கேட்டதில்லை.