சாமி சோறும் லயத்து விருந்தாளியும்

"எல்லா மதமும் ஒண்ணுதான்பா." நம் இளைஞர் கூட்டங்களில் சமய நல்லிணக்கம் என்ற பேச்சு எழுந்தால், பத்து நிமிடத்துக்குள் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். கைத்தட்டலும் கிடைக்கும். அதன் உச்சிப் பொருளை ஞானிகள் பேசட்டும். நம் போன்றவர்கள் வாயில் அது, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் தப்பிக்கிற வழியாகிவிட்டது என்பது என் கட்சி.

லாபு பக்கம் உள்ள தோட்டங்களையே பாருங்கள். நம் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய நிலத்தில் இன்று செம்பனை. நம்மவர் பெரும்பாலோர் நீலாய்க்கும் சிரம்பானுக்கும் போய்விட்டார்கள். திருவிழாவுக்குக் காரில் வந்து, அம்மனைக் கும்பிட்டு, அன்னதானம் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். லயத்தில் இப்போது குடியிருப்பவர்கள் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். அநேகமாக எல்லாரும் முஸ்லிம்கள். கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அன்னதான வரிசையில் அவர்களைப் பார்க்க முடியாது.

"கூப்பிட்டாலும் வர மாட்டேங்கிறாங்க, நம்ம சாமி சோறுன்னா இளக்காரம்" என்று கோயில் நிர்வாகத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். அவர் கொடுக்கத் தயங்குகிறவர் அல்ல. கொடுத்தும் வாங்கவில்லையே என்ற வருத்தம்தான். ஆனால் இதில் இளக்காரம் எங்கே இருக்கிறது? வேறு தெய்வத்துக்குப் படைத்ததை உண்ணக்கூடாது என்பது இஸ்லாத்தில் உள்ள விலக்கு. நாம் மாட்டிறைச்சியைத் தொடாததுபோல அது அவர்களுடைய நியமம். எல்லாம் ஒண்ணுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தால் இந்த ஒரு சின்ன விஷயம் நமக்கு எப்போதுமே தெரியவராது. நம் அன்பு அவர்களுக்குச் சங்கடமாகவும், அவர்கள் மறுப்பு நமக்கு அவமானமாகவும் போய் முடியும்.

கம்பத்து மலாய்க்காரர்களைக் கவனித்திருப்பீர்கள். நோன்புப் பெருநாள் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போனால், "இது மாடு, நீங்க இந்தப் பக்கம் எடுங்க, இது கோழி" என்று மக்சிக் நம் கையைப் பிடித்தே நகர்த்திவிடுவார். அவர் சைவ சித்தாந்தம் படித்தவர் இல்லை. நம் வீட்டில் என்ன ஆகாது என்று தெரிந்து தனிச் சட்டியில் சமைத்திருக்கிறார். எந்த மேடைப் பேச்சைவிடவும் எனக்கு அது பெரிசாகப் படுகிறது.

நாமும் அப்படிச் செய்யலாமே. படைக்காத அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம் என்று தனியாகக் கட்டி, சம்பளம் தீர்ந்துபோகிற மாதக் கடைசியில் லயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். பேனர் வேண்டாம். பொட்டலத்தில் சாமி படம் ஒட்ட வேண்டாம். வாங்குகிறவரை நிற்கவைத்துப் படம் எடுக்கிற பழக்கத்தை முதலில் விடணும்.

இதில் நமக்கே ஒரு சோதனை இருக்கிறது. தேவாலயத்துக்காரர்கள் தோட்டத்தில் இலவசப் பாட வகுப்பு நடத்தினால், "மதம் மாத்த வர்றாங்க" என்று கொதிக்கிறோம். சில இடங்களில் அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. அப்படியானால் உதவிக்கு நிபந்தனை கூடாது என்பது நம் கொள்கை. அதை நாம் கொடுக்கும்போதும் காப்பாற்ற வேண்டும். வள்ளலார் 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கியபோது பசித்தவனிடம் சாதியும் சமயமும் கேட்கவில்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. நம் நாட்டிலேயே பூச்சோங் சுத்த சமாஜம் இருக்கிறது. சுவாமி சத்யானந்தா தொடங்கிய அந்த இல்லத்தில் பல இனப் பிள்ளைகளையும் வளர்த்தவர் 2023-இல் மறைந்த அன்னை மங்களம்.

"அவங்க நமக்கு என்ன செஞ்சாங்க?" என்று கேட்கிற தம்பிகளும் உண்டு. கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஈப்போவின் இந்திரா காந்தி தம் பிள்ளைகளின் மதமாற்றத்தை எதிர்த்து ஆண்டுக் கணக்கில் போராடி, பெற்றோர் இருவர் சம்மதமும் வேண்டும் என்ற தீர்ப்பைக் கூட்டரசு நீதிமன்றத்தில் 2018-இல்தான் பெற்றார். நல்லிணக்கத்துக்காக அவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கை லயத்தில் குலை அறுக்கிறவரிடம் வசூலிக்க முடியுமா?

அதோடு, அரிசி மூட்டையோடு இது முடியவும் இல்லை. நம் முன்னோர்கள் கப்பல் செலவு, முன்பணம் என்று கங்காணி கணக்கில் கடனோடு இறங்கியவர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றது. கூலி ஆட்களை அனுப்புவதை இந்திய அரசு 1938-இல்தான் தடுத்தது. இன்று லயத்தில் இருப்பவர் முகவருக்குக் கட்டிய கடனோடு விமானத்தில் வந்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி, எஃப்ஜிவி, சைம் டார்பி நிறுவனங்களின் செம்பனை எண்ணெயை 2020-இல் அமெரிக்கா தன் நாட்டுக்குள் விட மறுத்தது. தொழிலாளர்கள் கட்டிய முகவர் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் பல திருத்தங்கள் செய்த பிறகு, 2023-இல் சைம் டார்பி மீதான தடை நீங்கியது. அந்நிய தொழிலாளருக்குச் சம்பளம் குறைந்தால் நம்ம ஆளுக்கும் குறைகிறது என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஐரின் பெர்னாண்டஸை நினைத்துப் பார்க்கிறேன். கத்தோலிக்கர். கிறிஸ்தவ இளந்தொழிலாளர் இயக்கத்தில் உழைத்து, பின்னர் தெனாகனித்தாவைத் தொடங்கியவர். அந்நிய தொழிலாளர் தடுப்பு முகாம்களின் நிலையை 1995-இல் வெளியில் சொன்னதற்காக வழக்கு; 2003-இல் ஓராண்டு சிறைத் தண்டனை; மேல்முறையீட்டில் 2008-இல் விடுதலை. அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களில் பலர் முஸ்லிம்கள். அவர்களை அவர் தேவாலயத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டு போகவில்லை.

நம் இயக்கத்துப் பிள்ளைகளுக்கு மலாய் நன்றாக வரும், பாரம் நிரப்பத் தெரியும், தொழிலாளர் இலாகா எங்கே இருக்கிறது என்று தெரியும். அரிசி கொடுக்கப் போகிற அன்றைக்கு அரைமணி நேரம் கூட உட்காரலாம். சம்பளச் சீட்டில் எத்தனை வெள்ளி, எதற்காகப் பிடித்திருக்கிறார்கள் என்று வாசித்துச் சொல்லலாம். கடப்பிதழ் யார் கையில் இருக்கிறது என்று கேட்கலாம்.