மண் மூடிய குருதி

வேட்டையைப் பற்றிப் பேசத் தொடங்கியவுடனேயே விடை சொல்லி முடித்துவிடுவோர் இரு சாரார். உயிர்க்கொலை எவ்வகையாயினும் பாவமே என்பர் ஒரு சாரார். விலங்குகள் மனிதனுக்காகவே படைக்கப்பட்டன, இதில் ஆராய என்ன இருக்கிறது என்பர் மறுசாரார். சிந்திக்கும் தொல்லையிலிருந்து இரு சாராருமே நம்மை விடுவித்துவிடுகின்றனர். ஆனால் ஞாயிறுதோறும் இறைச்சிக் கடையில் காத்து நிற்கும் நம்மில் பலருக்கு முதல் விடை பொருந்தாது. துள்ளி ஓடும் மானைக் கண்டு நெஞ்சம் நெகிழும் நமக்கு இரண்டாம் விடையும் நிறைவு தராது. உண்பதற்காகக் கொல்வதும் பெருமைக்காகக் கொல்வதும் ஒன்றுதானா? ஒன்றல்ல எனில், இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே உள்ளது? இக்கேள்வியை நாம் நேர்மையோடு எதிர்கொண்டாக வேண்டும்.

இக்கேள்விக்கு நம் மண்ணிலேயே ஒரு பழஞ்சான்று உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை இயற்றியவர் நத்தத்தனார். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் வறிய பாணனுக்கு வழி கூறும் நூல் அது. அவ்வழியில் வரும் எயிற்பட்டினம், இன்றைய மரக்காணம் அல்லது அதன் அண்மைப் பகுதியாக இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்பட்டினத்தில் பரதவர் பாணனுக்குச் சுட்ட மீன் அளிக்கின்றனர். அதைக் கடந்து வேலூரை அடைந்தால், வேட்டுவக் குடிப் பெண்கள் புளி சேர்த்துச் சமைத்த சுடுசோற்றோடு ஆமான் இறைச்சியும் படைக்கின்றனர். ஆமான் என்பது பெயரில் மான் ஒட்டியிருந்தாலும் மான் அன்று, காட்டுப் பசு. அவ்விலங்கு வேட்டையில் வீழ்ந்ததுதான். ஆயினும் அதன் கொம்பு எத்தனை முழம், அதை வீழ்த்தியவன் யார் என்றெல்லாம் அவ்விடத்தில் புலவர் விரித்துரைக்கவில்லை. அவர் கண் முன் நின்றது பசித்து வந்தவனின் இலை. ஒரு விலங்கின் இறப்பு முன்பின் அறியாத ஓர் ஏழையின் வயிற்றில் உணவாகி முடிவடைகிறது.

இக்கரையில் இன்று நாம் காண்பவை வெண்குவியல்களாய் விரிந்து கிடக்கும் உப்பளங்கள். உப்பு நம் வீடுகளில் உப்புக்கண்டம் ஆனது. கிடைத்த இறைச்சியைக் கிடைக்காத நாளுக்கென்று காத்து வைக்கும் ஏழையின் அறிவு அது. அதே உப்பு வேறொரு பணியும் செய்திருக்கிறது. வேட்டையாடிய விலங்கின் தோலைப் பாடம் செய்வதற்கு முன், அது அழுகாதிருக்க உப்பைத்தான் தேய்ப்பார்கள். மைசூரில் வான் இங்கன் குடும்பத்தார் நடத்திய புகழ்பெற்ற பாடம் செய்யும் தொழிற்கூடம் சென்ற நூற்றாண்டின் இறுதிவரை இயங்கியது. மன்னர்களும் ஆங்கில அதிகாரிகளும் சுட்டு வீழ்த்திய புலிகளும் சிறுத்தைகளும் அங்கே கண்ணாடி விழிகள் பெற்றுச் சுவர்களுக்குச் சென்றன. உப்பு ஒன்றுதான், ஓரிடத்தில் அது பசிக்குத் துணை நின்றது, மற்றோரிடத்தில் பெருமைக்குத் துணை நின்றது. வேறுபாடு உப்பில் இல்லை, உப்பிட்டவன் உள்ளத்தில் இருந்தது.

நம் மான்களின் கதை கடல் கடந்தும் தொடர்கிறது. 1930களில் இந்தியப் புள்ளிமானும் வெளிமானும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பண்ணைகளில் விடப்பட்டன. வெளிமானை உயிரியலார் மான் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. நம் மொழி அதையும் மான் என்றே அணைத்துக்கொள்கிறது. டெக்சாஸ் சட்டத்தின் கண்ணில் இவை அயல்நாட்டுக் கால்நடைகள். அவ்வூர் மானுக்குரிய வேட்டைப் பருவமோ எண்ணிக்கை வரம்போ இவற்றுக்கு இல்லை. ஆண்டு முழுவதும் சுடலாம். உயர்ந்த வேலியிட்ட பண்ணைகளில் கொம்பின் நீளத்திற்கேற்ப விலை பேசப்படுகிறது. ஆயிரக்கணக்கான டாலர் செலுத்தியவர் கொம்பையும் தலையையும் வீட்டிற்கு எடுத்துச் செல்கிறார். புள்ளிமானின் இறைச்சி மிகச் சுவையானது என்பதால் அதுவும் வீணாவதில்லை.

அதே வெளிமான் வேதாரணிய உப்பளங்களை அடுத்த நம் கோடியக்கரையில் புல்வெளியில் மேய்கிறது. 1967ஆம் ஆண்டிலேயே அங்கே சரணாலயம் அமைந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. ஒரே விலங்கு இங்கே தொடக்கூடாத செல்வம், அங்கே விலைப்பட்டியலில் ஒரு வரி. சட்டம் நாட்டுக்கு நாடு மாறலாம். அறமும் அவ்வாறே மாறுமா?

அப்பண்ணையாளர் தரப்பில் சொல்லப்படும் நியாயங்களையும் நாம் செவிமடுக்க வேண்டும். அவற்றைக் கேளாமல் தீர்ப்பிடுவது நீதியன்று.

இறைச்சியை உண்கிறோமே, ஆட்டை அறுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பது அவர்களின் முதல் நியாயம். இது வலுவானதே. அடைப்பில் வளர்ந்து ஒருநாளும் ஓடியறியாத கோழியைவிட, வெளியில் மேய்ந்து நொடியில் வீழ்ந்த மான் துன்பம் குறைவாகவே பட்டிருக்கலாம். இறைச்சி உண்ணும் நாம் இதை மறுக்க இயலாது. ஆனால் ஒன்றைக் கவனிப்போம். இறைச்சிதான் நோக்கம் எனில் கொம்பை அளந்து விலை வைப்பானேன்? அதினும் ஒரு வியப்பு: புள்ளிமானின் கொம்பு ஆண்டுதோறும் தானே உதிர்ந்து மீண்டும் முளைப்பது. கொம்பின் அழகு மட்டுமே வேண்டும் என்றால் புல்லில் கிடப்பதைப் பொறுக்கிக்கொள்ளலாம்; ஓர் உயிரும் போகாது. ஆயினும் உதிர்ந்த கொம்பை எவரும் வெற்றிச் சின்னமாக மாட்டிப் பெருமை கொள்வதில்லை. கொன்றேன் என்று அக்கொம்பு சொல்ல வேண்டும். அப்படியானால் அங்கே விலை கொடுத்து வாங்கப்படுவது கொம்பன்று, இறைச்சியன்று, ஓர் இறப்பு.

திருவிவிலியம் இவ்விடத்தில் நமக்கு ஓர் ஒளி தருகிறது. தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்கு உணவாகத் தரப்பட்டவை செடிகளும் கனிகளுமே. வெள்ளப் பெருக்குக்குப் பின்னரே, நோவாவின் காலத்தில், இறைச்சி உண்ண இசைவு கிடைக்கிறது. அப்போதும் குருதி விலக்கப்படுகிறது. இணைச்சட்டம் உண்ணத் தக்கவற்றின் பட்டியலில் மானையும் சேர்க்கிறது. லேவியர் நூலின் பதினேழாம் அதிகாரமோ வேட்டைக்காரனுக்கென்றே ஒரு கட்டளை வைத்திருக்கிறது: உண்ணத்தக்க விலங்கையோ பறவையையோ வேட்டையாடிப் பிடித்தவன் அதன் குருதியைச் சிந்தவிட்டு மண்ணால் மூட வேண்டும். காட்டில், எவரும் காணாத இடத்தில், கைநிறைய மண்ணள்ளி அவன் அதைச் செய்ய வேண்டும். இறைச்சி உனக்கு, உயிரோ உன்னுடையதன்று. அதைத் தந்தவரிடமே திருப்பி ஒப்படை என்பது அதன் உட்பொருள்.

நாம் தேடிய கோடு இதுவே எனக் கருதுகிறோம். மூடுவது ஒரு வேட்டை. காட்டுவது மற்றொரு வேட்டை. மண்ணால் மூடுகிறவன், வாழ்வதற்காக ஒரு கடன் பட்டேன் என்று ஒப்புக்கொள்கிறான். சுவரில் மாட்டுகிறவன் அக்கடனை விருதாக மாற்றிக்கொள்கிறான். வேட்டைக்காரர்களின் பாதுகாவலராகப் போற்றப்படும் புனித ஹூபர்ட்டைப் பற்றிய மரபுக் கதையும் இதையே சொல்கிறது. தாம் துரத்திய கலைமானின் கொம்புகளிடையே சிலுவையைக் கண்டு அவர் மனம் மாறினார் என்பர். அவர் அக்கொம்பில் கண்டது தம் வெற்றியை அன்று.

இனம் காப்பாற்றப்படுகிறது என்பது அவர்களின் இரண்டாம் நியாயம். விலை இருப்பதால்தான் வளர்க்கிறோம், விலை இல்லையேல் இவ்விலங்கு அங்கே இராது என்கின்றனர். இதிலும் உண்மை இல்லாமல் இல்லை. பாகிஸ்தானில் காட்டு வெளிமான் அழிந்தபின், அங்குள்ள லால் சுஹான்ரா பூங்காவில் மீண்டும் அவ்வினத்தைத் தொடங்க 1970களில் டெக்சாசிலிருந்தே வெளிமான்கள் அனுப்பப்பட்டன. ஆயினும் காப்பதற்கு வேட்டை ஒன்றே வழி என்று இதனால் ஆகிவிடாது. வின்சென்டிய மறைப்பணியாளர் அருள்தந்தை அர்மாண்ட் தாவீது 1865இல் பீக்கிங் நகருக்குத் தெற்கே பேரரசரின் வேட்டைப் பூங்காவில் மேற்குலகம் அறியாத மான் இனம் ஒன்றைக் கண்டார். அவர் பெயரையே அது இன்றும் தாங்கி நிற்கிறது. 1895இல் பெருவெள்ளம் அப்பூங்காவின் மதிலை உடைத்தது. வெளியேறிய மான்களைப் பசித்திருந்த மக்கள் உண்டனர். எஞ்சியவை 1900ஆம் ஆண்டுக் கலவரத்தில் அழிந்தன. ஐரோப்பாவில் எஞ்சியிருந்த சிலவற்றை இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு கோமகன் தம் வோபர்ன் தோட்டத்தில் சேர்த்து வளர்த்ததால் இனம் பிழைத்தது. 1985இல் அதன் வழித்தோன்றல்கள் சீனாவுக்குத் திரும்பின. மன்னரின் வேட்டைக்கெனக் கட்டிய மதில் அம்மானைக் காக்கவில்லை. கொல்லும் எண்ணமின்றிப் பேணிய கைதான் காத்தது. வெள்ளத்தில் பசியாறிய ஏழைகளையோ நாம் எந்த நாவால் பழிப்போம்?

மூன்றாம் நியாயமே மிகக் கடினமானது. 1868இல் அரசர் ஐந்தாம் கமேஹமேஹாவுக்கு அன்பளிப்பாக வந்த புள்ளிமான்கள் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலக்காயில் விடப்பட்டன. இயற்கைப் பகைவர் இல்லாத அத்தீவுகளில் அவை பெருகிக் காட்டையும் பயிரையும் அழித்தன. 2021இல் மாவி மாவட்டத்தில் வறட்சியால் மான்கள் பட்டினியில் மடிந்தபோது மாநில ஆளுநர் அவசரநிலை அறிவிக்க நேர்ந்தது. நம் அந்தமானிலும் ஆங்கிலேயர் கொண்டுவிட்ட புள்ளிமான்கள் புலியோ சிறுத்தையோ இல்லாத காட்டில் பரவி, இளஞ்செடிகள் மரமாகாதபடி மேய்ந்துவிடுகின்றன என ஆய்வாளர் கூறுகின்றனர். அங்கே மானைக் காப்பது காட்டைக் கைவிடுவதாகலாம். அத்தகைய இடத்தில் எண்ணிக்கையைக் குறைப்பது தேவை எனில் அதை நாம் கொலைவெறி என்று சொல்லத் துணியமாட்டோம். ஆனால் மான் தானாகக் கடல் நீந்தி அங்கே வரவில்லை. மனிதன் தன் கண்ணின் களிப்புக்கும் துப்பாக்கியின் களிப்புக்குமாக அதைக் கொண்டு சேர்த்தான். அவன் பிழைக்கு மான் உயிரால் விலை தருகிறது. பிழையைத் திருத்தும் பணி தேவையாகலாம், விழாவாக முடியாது. அங்கே வீழும் மான் பசித்தோரின் உணவாகட்டும். அதன் குருதியை மண் மூடட்டும்.

இவையெல்லாம் தொலைதூரத்துக் கதைகள் என்று நாம் அமைதி கொள்ள வேண்டாம். மரக்காணத்து உப்பளங்களை அடுத்து விரிந்து கிடக்கிறது கழுவெளி ஏரி. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151 ஹெக்டேருக்கும் மேலான அப்பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடபுலத்துக் குளிருக்கு அஞ்சி நெடுந்தொலைவு பறந்து வரும் பறவைகளுக்கு அது விருந்தினர் இல்லம். அங்கும் கண்ணியும் வலையும் விழுவதுண்டு. பிடிபடுபவன் பெரும்பாலும் கூலியற்ற நாளில் வலை விரித்த ஏழை. சட்டம் அவனைத் தடுப்பது முறையே. எஞ்சிய சிலவற்றைக் காக்காவிட்டால் நாளை காப்பதற்கு எதுவும் இராது. ஆனால் அவன் பிடித்ததை வாங்கி உண்பவர் யார்? பசியால் வாடுபவரா? கோழியும் ஆடும் மீனும் தாராளமாகக் கிடைக்கும் இக்கரையில், காட்டுக் கறி என்று மறைவாகக் கேட்டு வாங்கி, உறவினர் முன் அதைச் சொல்லிச் சொல்லிப் பரிமாறும் வசதி படைத்தவர் நம் நடுவிலேயே இருக்கின்றனர். அவர் வீட்டுச் சுவரில் கொம்பு இராது. ஆயினும் அவர் நாவே சுவராகிவிடுகிறது. பேச்சே கொம்பாகத் தொங்குகிறது. இறைச்சி என்ற பெயரில் அவர் உண்பதும் ஒரு வெற்றிச் சின்னமே.

ஆகவே வெற்றிச் சின்னம் டெக்சாஸ் பண்ணையில் மட்டும் கிடைக்கும் பொருளன்று. தேவை முடிந்த இடத்திலிருந்து எங்கெல்லாம் ஓர் உயிரின் இறப்பு நம் பெருமைக்குத் தீனியாகிறதோ, அங்கெல்லாம் அது உண்டு. திருமண விருந்தில் எண்ணி எண்ணி அடுக்கப்பட்டு, பாதிக்கு மேல் குப்பைக்குச் செல்லும் இறைச்சித் தட்டுகளும் அக்கணக்கில் சேரும்.

நாம் இறைச்சி உண்பவராயின் அதை நன்றியோடு உண்போம், தேவைக்கு உண்போம், வீணாக்காமல் உண்போம், பசித்தவனோடு பகிர்ந்து உண்போம். வேலூர் வேட்டுவப் பெண்கள் வறிய பாணனுக்குப் படைத்த சோற்றில் இவை அனைத்தும் இருந்தன. காக்கப்பட வேண்டியவற்றைத் தொடாதிருப்போம். தொடச் சொல்லி ஏழைக்குப் பணம் நீட்டாதிருப்போம். கொன்றதைக் காட்டிப் பெருமை பேசும் இடங்களில் நம் கைதட்டலையாவது நிறுத்திக்கொள்வோம். நமக்கென வீழ்ந்த உயிர் எதுவாயினும், அதன் மேல் ஒருபிடி மண் தூவும் பணிவு நமக்கு வாய்க்கட்டும்.