மறைந்தோர் வாழ்வு ஓர் அமானிதம்

இறந்துபோன மனிதனுக்கென்று இவ்வுலகில் எஞ்சுவது ஒன்றே: அவனைப் பற்றிய செய்தி. பொருளை வாரிசுகள் பங்கிட்டுக் கொள்வர். பதவி பிறர் கைக்கு மாறும். அவன் எவ்வாறு வாழ்ந்தான் என்னும் செய்தி மட்டும் அவன் பெயரிலேயே நிற்கும். அதைக் காக்கவோ திருத்தவோ அவனுக்கு இனி நாவில்லை. ஆகவே அது நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும்.

இந்த அமானிதத்தை இன்று பெரிதும் கையாள்வது திரைப்படம். திருவல்லிக்கேணியில் 1921-இல் மறைந்த பாரதியாரின் வாழ்வு 2000-இல் படமாயிற்று. சென்னையோடு தொடர்புடைய பெருமக்களில் காமராசர் 2004-இலும், பெரியார் 2007-இலும், கணித மேதை இராமானுஜன் 2014-இலும், நடிகை சாவித்திரி 2018-இலும் திரையில் மறுபடி நடமாடினர்.

எங்கள் ஆரம்பாக்கம் தமிழகத்தின் எல்லையூர். கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் இதைக் கடந்தால் தடா, அது ஆந்திரம். இங்கே தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும். சாவித்திரியின் கதையை ‘மகாநடி’ என்று கண்டவரும் ‘நடிகையர் திலகம்’ என்று கண்டவரும் இங்கு அண்டை வீட்டார். இருவருக்கும் ஒன்று பொது. நூலைப் படித்தவன் “ஆசிரியர் இவ்வாறு எழுதுகிறார்” என்பான். படத்தைப் பார்த்தவனோ “இவ்வாறு நடந்தது” என்பான். திரையின் வலிமையும் ஆபத்தும் அதுவே.

ஒருவரிடம் உள்ள குறையை அவர் வெறுக்கும் வண்ணம் அவரில்லாத இடத்தில் பேசுவது புறம் என்றும், இல்லாத குறையைச் சாட்டுவது அவதூறு என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். அநீதியை முறையிடவும், பிறரை எச்சரிக்கவும் உண்மைக் குறையை எடுத்துரைக்கலாம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றோர் விலக்குகளையும் வகுத்துள்ளனர். பழித்தலைப் பற்றிய சட்டம் இவ்வாறு தெளிவாகவே உள்ளது. நாம் எண்ண வேண்டிய வினா வேறு: ஒருவரை உயர்த்துவதற்காகச் சொல்லும் பொய் ஆகுமா?

இராமானுஜன் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். 1914-இல் கப்பலேறி, 1919-இல் திரும்பி, 1920-இல் தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தவர். 1909-இல் அவர் மணந்தபோது ஜானகி பத்து வயதுச் சிறுமி. 2015-இல் வந்த ஆங்கிலப் படமோ அவரை வளர்ந்த மங்கையாகக் காட்டிற்று. மேதையின் காதல் கதை அதனால் அழகுற்றது. ஒரு சிறுமியின் வாழ்வும், அக்கால வழக்கத்தின் கடுமையும் மறைந்தன. கணவருக்குப் பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, தையல் வேலையால் பிழைத்து, 1994-இல் மறைந்தவர் அவ்வம்மையார். அவருடைய செய்தி அமானிதம் அன்றோ?

சாவித்திரியின் துயரை உருக்கமாகக் காட்டிய படம், அவர் கணவர் ஜெமினி கணேசனைக் காட்டிய விதத்தை அவருடைய மகள் ஒருவர் வெளிப்படையாக மறுத்தார். அவ்வழக்கில் தீர்ப்புரைப்பது நம் வேலையன்று. கணேசன் 2005-இலேயே மறைந்தவர்; மறுமொழி கூற அவர் இல்லை என்பதையே நாம் கருத வேண்டும்.

2021-இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ இன்னும் ஆழ்ந்த எடுத்துக்காட்டு. சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குரைஞராக இருந்து, பின் நீதிபதியான சந்துரு அவர்கள் 1993-ஆம் ஆண்டுக் கொடுமையொன்றுக்கு நீதி தேடியதைச் சொல்வது அது. எங்கள் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வாழும் இருளர் மக்களின் நிலையைப் பலர் முதன்முதலாக அறிந்ததே அப்படத்தால்தான்; அந்நன்மையை மறுப்பது நன்றிகேடு. எனினும் உயிரிழந்த இராசாக்கண்ணு உண்மையில் குறவர் குலத்தவர். கொடுமை செய்த காவல் அதிகாரியின் பெயரும் மாற்றப்பட்டது. திரையில் அவர் வீட்டில் ஒரு சமூகத்தாரின் சின்னம் பொறித்த நாட்காட்டி தொங்கிற்று. அச்சமூகத்தார் மனம் புண்பட்டனர், காட்சி மாற்றப்பட்டது, இயக்குநரும் வருத்தம் தெரிவித்தார். நாயகரைப் பற்றிப் பொய்யில்லை. அருகில் நின்றவர்கள்மீது பிழை விழுந்தது. புகழ்ச்சிக் கதையின் கடனைப் பெரும்பாலும் தீர்ப்பவர்கள் இத்தகைய அயலார்தாம்.

“நன்மை விளைந்ததே, போதாதா?” என்பர். இவ்வாதம் புதிதன்று. மர்வு நகரின் காழியாக இருந்த நூஹ் இப்னு அபீ மர்யம் என்பார், குர்ஆனின் அத்தியாயங்களுக்குச் சிறப்புரைக்கும் செய்திகளைத் தாமே புனைந்தார். மக்கள் சட்ட நூல்களிலும் போர் வரலாறுகளிலும் மூழ்கிக் குர்ஆனை மறந்ததால் நன்னோக்கோடு செய்ததாக அவர் கூறினார் என்று ஹதீஸ் கலை நூல்கள் குறிக்கின்றன. அறிஞர்கள் நோக்கத்தை எடைபோட்டு அவரை விட்டுவிடவில்லை. புனைந்துரைப்போர் வரிசையிலேயே வைத்தனர். குர்ஆனின் சிறப்புக்கே பொய் துணையாகாது என்றால், மனிதனின் சிறப்புக்கு எப்படி ஆகும்?

அப்படியானால் படமே கூடாதா? அவ்வாறு சொல்ல வேண்டுவதில்லை. யாரும் கேட்டிராத உரையாடலைக் கலைஞன் ஊகித்து நிரப்புவது வேறு. அறிந்த உண்மையை மாற்றுவது வேறு. முன்னது கலையின் தேவை. பின்னது அமானிதத்தில் கைவைப்பது. மாற்றியே தீரவேண்டும் என்பவர்க்கு, 1997-இல் வந்த ‘இருவர்’ செய்ததுபோல், பெயர்களையும் மாற்றிக் கதையென்றே சொல்லும் வழி உண்டு. கட்டுப்பாடு கலையைக் கொன்றுவிடும் என்பதும் சரியன்று. முஸ்தபா அக்காத் 1976-இல் எடுத்த படத்தில் நபிகள் பெருமானாரின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. ஆயினும் வரலாறு சொல்லப்பட்டது.

ஹதீஸ் அறிஞர் பலவீனமான அறிவிப்பைச் சொல்ல நேர்ந்தால், அது பலவீனமானது என்பதையும் சேர்த்தே சொல்வர். படம் எடுப்போரிடமும் நாம் கேட்பது அதுவே. கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிமறையும் ‘கற்பனை கலந்தது’ என்னும் ஒரு வரி போதாது. எது நிகழ்ந்தது, எது சேர்க்கப்பட்டது என்பதை முடிவிலேனும் நிறுத்திக் காட்டட்டும்.

நம் இல்லங்களுக்கும் ஒரு கடமையுண்டு. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது திருமறையின் கட்டளை. படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “இதை யார் பார்த்துச் சொன்னார்?” “இதில் வாய் திறக்காமல் போனவர் யார்?” இரண்டாம் கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, மறைந்தோர்க்கு நீதி செய்யக் கற்றுக்கொள்ளும்.