கரையிலே நின்றவர்கள்



யாக்கோபின் கிணற்றருகே களைத்து உட்கார்ந்த நம் ஆண்டவர், சமாரிய ஸ்திரீயிடம் தண்ணீர் கேட்டார். கேட்பதற்கு அங்கே ஒரு கிணறாவது இருந்தது. ஆப்பிரிக்காவில் கானா தேசத்து வடபுறக் கிராமங்கள் பலவற்றில் வெகுகாலம் குட்டைத் தண்ணீரே கதி.

அந்தத் தண்ணீரில் இருக்கும் நுண்ணிய பூச்சிகளோடு நரம்புச் சிலந்திப் புழுவின் குஞ்சும் வயிற்றுக்குள் போகும். ஏறக்குறைய ஒரு வருஷம் சென்று, இரண்டு முழம் வரை நீண்ட புழு காலில் கொப்புளம் கிளப்பி வெளிவரும். நெருப்புப் பட்டாற்போல் எரியும். குச்சியில் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாக இழுக்கவேண்டும். தீர்க்கும் மருந்து இன்றும் கிடையாது.

எரிகிற காலைக் குட்டையில் வைத்தால் சுகம். ஆனால் வைத்தவுடனே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விட்டுவிடும். அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுப் பிள்ளை படுக்கையில் கிடக்கும்.

ஆகையால் துணியால் வடிகட்டக் கற்பித்தார்கள். குழாய்க் கிணறு தோண்டினார்கள். குட்டைக்குக் காவலும் வைத்தார்கள். ஆனாலும் வேதனையோடு கரையிலேயே நின்றவர்களை நினைத்துப் பாருங்கள்! அவர்களைப் புண்ணியவான்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தபசு காலத்தில் ஒருவேளைச் சோற்றை விட்டதை நாம் (நானுந்தான்) எத்தனை பேரிடம் சொல்லிக்கொள்கிறோம்!

1986-ல் உலகில் சுமார் 35 லட்சம் பேரை வாட்டிய இந்நோய், கானாவில் 2010-க்குப் பின் இல்லை. 2024-ல் சாடு, தென் சூடான் தேசங்களில் 15 பேருக்கே கண்டது. இன்றிரவு குடும்ப ஜெபமாலையில் அத்தேசத்துக் குடும்பங்களுக்காக ஒரு தேவ இரகசியத்தை ஒப்புக்கொடுங்கள்.