பழுது எங்கே?

ஒரு பொருள் இயங்காவிட்டால் அது பழுது என்கிறோம். ஒரு மனிதர் பேசாவிட்டால் அவரைக் கல்நெஞ்சர் என்கிறோம். இரண்டு தீர்ப்புகளையும் நொடிப் பொழுதில் வழங்கிவிடுகிறோம். முன்னதற்காவது மெக்கானிக் ஒருவரை அழைத்துக் காட்டுகிறோம். பின்னதற்கு அந்தச் சிரமத்தையும் மேற்கொள்வதில்லை. குற்றம் காண்பதற்கு ஒரு முறை உண்டா? அம்முறையைக் கைக்கொள்ளாமல் குற்றம் சாட்டுவது தகுமா? இதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

மயிலாப்பூரில் கச்சேரி சாலைக்கு அருகே நமக்கு நெருக்கமான குடும்பம் ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியரான குடும்பத் தலைவர் 1999-இல் ஒரு கணிப்பொறி வாங்கினார். 1973-இல் அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 நிறுவப்பட்டபோது ஒரு கணிப்பொறிக்குத் தனிக்கூடமே வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டில் அது ஓர் ஆசிரியரின் மேசைமேல் வந்து அமர்ந்துவிட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில்தான் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி, தமிழுக்கென ஒரு விசைப்பலகை முறையை வகுத்தது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய கல்யாணசுந்தரம் உருவாக்கி இலவசமாக வழங்கிய ‘மயிலை’ எழுத்துருவில் பெரியவர் தட்டச்சுப் பழகினார். தம் ஊரின் பழம்பெயரைத் தாங்கிய எழுத்து என்பதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி.

2011-இல் அவர் மௌத்தானார். கணிப்பொறி உறை போர்த்தியபடி மூலையில் கிடந்தது. அண்மையில் இளைய மகன் அதன் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை. கடையிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். “போர்டு போயிடுச்சு சார், காயலான் கடையிலே போட்டுடுங்க” என்று கூறிப் போய்விட்டார்.

மகனுக்கு மனம் ஒப்பவில்லை. தியாகராய நகரில், பனகல் பூங்காவுக்கு அருகே ஒரு சந்தில், ரேடியோ காலத்திலிருந்து பழுது பார்த்து வரும் முதியவர் ஒருவரை அழைத்து வந்தார். அன்று நாமும் அங்கிருந்தோம். அவர் கணிப்பொறியைத் தொடவே இல்லை. “ஒரு மேசை விளக்குக் கொண்டாங்க பாய்” என்றார். அதன் பிளக்கைச் சுவரில் செருகினார். விளக்கு எரியவில்லை. சுவருக்குள் ஒயர் கழன்று கிடந்தது. மின்சாரமே சென்றடையாத ஒரு பெட்டிக்குத்தான் நாம் மரண தண்டனை விதித்திருந்தோம்!

“சுவர் சரியின்னு தெரியுற வரைக்கும் பெட்டியைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை பாய்” என்றார் முதியவர். நாம் கேட்ட பயான்கள் பலவற்றினும் இச்சொல் நம் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

வேறு சுவரில் இணைத்தும் பெட்டி விழிக்கவில்லை. அவர் வெளியிலிருந்து உள்ளே சென்றார். முதலில் மின்கம்பியை மாற்றிப் பார்த்தார். அடுத்து, பெட்டியின் பின்புறச் சிறு சுவிட்ச் 115-இல் இல்லாமல் நம் நாட்டுக்குரிய 230 வோல்ட்டில்தான் நிற்கிறதா என்று நோக்கினார். பின்பு மின்சாரத்தைத் துண்டித்து மூடியைத் திறந்து, எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியை மதர்போர்டிலிருந்து தனியே பிரித்தார். அதன் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்து மின்சாரம் கொடுத்தார். உயிருள்ள மின்வழங்கியாயின் விசிறி சுழல வேண்டும். அது அரைச்சுற்றுச் சுற்றி நின்றது. 12 வோல்ட் காட்ட வேண்டிய மஞ்சள் கம்பியில் மல்டிமீட்டர் அதில் பாதியும் காட்டவில்லை. ஆண்டுக்கணக்கில் கிடந்ததில் உள்ளிருந்த கெபாசிட்டர்கள் உப்பி உலர்ந்திருக்கும் என்றார். அந்த உலோகப் பெட்டியை மட்டும் பழகாதவர் திறக்கலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதனுள் ஆளைத் தாக்கும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கும் என்று எச்சரித்தார்.

வேறொரு மின்வழங்கி பொருத்தியதும் விளக்கு எரிந்தது. ஆனால் திரை இருண்டே கிடந்தது. பெட்டி விட்டுவிட்டு ‘பீப்’ என்று ஓலமிட்டது. ராம் பலகையைக் கழற்றி, அதன் முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்து மீண்டும் செருகினார். திரை ஒளிர்ந்தது. உள்ளிருந்த சிறு பாட்டரி தீர்ந்திருந்ததால் 1980 ஜனவரி 1 என்று தேதி காட்டிற்று. தன் காலத்தை மறந்திருந்ததேயன்றி, அது தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட எதையும் மறக்கவில்லை.

அவர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினார். மூன்றை ஒருங்கே மாற்றினால் இயந்திரம் இயங்கக்கூடும்; ஆனால் பழுது எதில் இருந்தது என்பது தெரியாமலே போகும். பஸராவில் பிறந்து, பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஒளியைப் பற்றிய தமது ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் சோதித்து அறிவதற்கு ‘இஃதிபார்’ என்ற சொல்லை ஆண்டார். அல்-ஹஷ்ர் அத்தியாயத்தின் 2-ஆம் வசனம் பார்வையுடையோரைப் படிப்பினை பெற அழைக்கும் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். சோதித்துப் பார்ப்பதும் படிப்பினை பெறுவதும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது நம் சிந்தனைக்குரியது. சோதிக்காதவன் பெறும் படிப்பினை வெறும் ஊகமேயன்றி வேறென்ன?

அந்தப் படிப்பினை அன்று மாலையே அவ்வீட்டுக்கு வந்தது. கணிப்பொறியில் இருந்த கோப்புகளில் ஒன்றின் தலைப்பில், அபுதாபியில் இருக்கும் மூத்த மகனின் பெயர் இருந்தது. பெயரைக் கண்டதும் இளையவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பிறருக்கு எழுதிய கடிதம் அமானிதம் அல்லவா? திறவாமல் அப்படியே அனுப்பிவைத்தார். அங்கே புதிய கணிப்பொறியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றிற்றாம். ‘மயிலை’ எழுத்துருவைத் தேடி நிறுவிய பின்னரே தந்தை பேசத் தொடங்கினார். கடிதத்தில் இருந்ததை மூத்தவரே பின்னர் நமக்குச் சொன்னார்; பெயர் குறிப்பிடாமல் எழுத இசைவும் தந்தார்.

ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பின் அவர் தொலைபேசியில் அழைப்பார். அத்தா ஸலாமுக்குப் பதில் சொல்லி, இரண்டு சொல் பேசி, கருவியை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். தம் சொல்லை மீறி வெளிநாடு வந்ததில் அத்தாவுக்குத் தீராத கோபம் என்று மகன் முடிவு செய்தார். அழைப்புகள் குறைந்தன. அத்தாவின் கடைசி ஆண்டில் பெருநாளுக்கு மட்டுமே அழைத்தார். அனுப்பப்படாத அக்கடிதத்தில் தந்தை எழுதியிருந்தது இதுதான்: காது மங்கிவிட்டது. தொலைபேசியில் இரைச்சல்தான் கேட்கிறது. திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஆகவே கருவியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று அறிந்துகொள்கிறேன்.

ஓர் இயந்திரத்தைக் கம்பி கம்பியாகச் சோதித்தோம். ஒரு தந்தையை ஒரு கேள்வி கேட்டுச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. பழுது நெஞ்சில் இல்லை. ஒலி செல்லும் வழியில் இருந்தது. நாமோ எடுத்த எடுப்பிலேயே நெஞ்சைச் சந்தேகித்தோம்.

அல்-ஹுஜுராத் அத்தியாயம் 6-ஆம் வசனத்தில், வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி பணிக்கிறது. 12-ஆம் வசனத்தில் சந்தேகங்களைப் பெரிதும் தவிர்க்கச் சொல்கிறது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. ஊகம், விசாரணையைக் கைவிட்டவனின் குறுக்குவழி. விசாரிப்பவனுக்கு ஊகம் தேவைப்படுவதில்லை.

விசாரித்தால் எல்லாரும் குற்றமற்றவர் ஆகிவிடுவரா என்று சிலர் கேட்கலாம். ஆகமாட்டார்கள். அம்முதியவரும் எத்தனையோ பெட்டிகளைக் காயலான் கடைக்கு அனுப்புகிறவர்தாம். அன்று அந்தப் பழைய மின்வழங்கியையும் கழித்தே போட்டார். ஆனால் சோதித்த பிறகு கழித்தார். கழிப்பதற்கும் கைவிடுவதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.

நம் வீடுகளில் பேசாத பெரியவர் உண்டு. படிக்காத பிள்ளை உண்டு. முகம் திருப்பும் உறவினர் உண்டு. அவர்களைப் பழுது என்று சொல்லுமுன், நம் பக்கத்துச் சுவரில் மின்சாரம் இருக்கிறதா என்று ஒரு விளக்கை வைத்துப் பார்ப்போம். மூத்த மகன் விடுமுறையில் வந்தபோது, அத்தாவின் கபுருக்குச் சென்று நெடுநேரம் நின்றார். ஸலாம் சொன்னார். இப்போது பதில் கேட்காதது அவருடைய காதுக்கு. உயிரோடிருக்கும் நம்மவர்களிடம் நாம் கேட்க வேண்டியதைக் காலம் கடக்குமுன் கேட்டுவிட அல்லாஹ் நமக்குத் தௌபீக் செய்வானாக!