பெரியவர்கள் வராத மைதானம்

1937-ல் வந்த ‘தி பிக்ஸ்கின் பலூக்கா’ சுமார் பத்து நிமிடப் படம். ஹால் ரோச் தயாரித்த ‘அவர் கேங்’ என்ற சிறுவர் பட வரிசையைச் சேர்ந்தது. ஆட்டம் அமெரிக்கக் கால்பந்து. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். ராணுவப் பள்ளியில் படிக்கும் ஆல்ஃபால்ஃபா, தான் பெரிய ஆட்டக்காரன் என்று தோழி டார்லாவுக்கு அளந்துவிடுகிறான். ஊர் திரும்பினால் கூட்டாளிகள் அவனை நம்பி மேட்சுக்குக் காத்திருக்கிறார்கள். காதைத் திருகிப் புத்தி சொல்லப் பெரியவர் யாரும் வருவதில்லை. மைதானத்தில் இறக்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

1922-ல் இந்த வரிசை தொடங்கிய கதையை ரோச் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நடிக்க வந்த ஒரு சிறுமியைச் சொல்லிக்கொடுத்தே பெரிய மனுஷி ஆக்கியிருந்தார்கள். ரோச் சலித்துப்போய் ஜன்னல் வழியே பார்த்தாராம். வெளியே சில பிள்ளைகள் ஒரு மரக்கட்டைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணை எடுக்க முடியவில்லையாம்.

எனக்கும் அப்படித்தான். திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் கோயில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், நம்ம ஊர்க் கால்பந்துக்குப் பிள்ளைகள் இரண்டு செங்கல் வைத்து கோல் போஸ்ட் ஆக்குவார்கள். மேல்கம்பு கிடையாது, கோலி கை தூக்கினால் எட்டுகிற உயரம்தான் கணக்கு. ஒருநாள் கோலியாக நின்றவன் எல்லோரிலும் பொடியன். பந்து அவன் தலைக்கு மேலே போக, ஒரே கூச்சல். கடைசியில் அவனைக் குதிக்கச் சொன்னார்கள். சுவரில் விரல் பட்ட இடத்தில் கரியால் ஒரு கோடு. அதற்குக் கீழே போனால் கோல். ஆட்டம் தொடர்ந்தது.

எதிரணி கோபித்துக்கொண்டு போய்விட்டால் யாரோடு ஆடுவது? அந்தப் பயம்தான் அவர்களுக்கு நடுவர். ஸ்விட்சர்லாந்துச் சிறுவர்கள் கோலிக்குண்டு ஆடுவதைக் கவனித்த உளவியலாளர் ழான் பியாஜே, விதி என்பது ஒத்துப்போய் உண்டாக்குவது என்று பிள்ளைகள் ஆட்டத்தில்தான் கற்கிறார்கள் என்று 1932-லேயே எழுதினார்.

பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே பக்கத்துக் கடற்கரை ஊரான வெட்டுக்காட்டிலிருந்து கால்பந்து வீரர் ஜோபி ஜஸ்டின் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி வரை போனார். அதற்குக் கடற்கரை மணல் மட்டும் போதாது. ஆனால் தெரு ஆட்டத்திலும் நாம் விசிலோடு நுழைவது எனக்கு வருத்தம். ஒருநாள் ஒரு தகப்பனார் இறங்கிவந்து நியாயமான தீர்ப்புதான் சொன்னார். சிறிது நேரத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

“தாத்தா, அவன் கள்ளக் கோல் போட்டான்” என்று பேரன் முறையிட வந்தால், “நீங்களே பேசி முடிங்கடா” என்று திருப்பி அனுப்புகிறேன். கல்லை எடுத்தால் மட்டும் எழுந்து போவேன்.